கிழமைக்கு ஒரு தலைவி

ஓடைவயல் மாதர் சங்கத்துக்கு ஏழு தலைவிகள். கிழமைக்கு ஒருத்தி.

விளையாட்டுக்குச் செய்த ஏற்பாடு இல்லை. சங்கம் தொடங்கிய புதிதில், ஒரு தலைவியைத் தேர்ந்தெடுங்கள் என்று அரிமளம் பிளாக் ஆபீஸிலிருந்து சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் கூட்டத்தில் மேலத்தெருவும் கீழத்தெருவும் முறைத்துக்கொண்டன. இரண்டாம் கூட்டத்துக்கு மாதாகோயில் தெரு வரவேயில்லை. மூன்றாம் கூட்டத்தில் சங்கத்தின் இரண்டு நாற்காலிகளில் ஒன்றுக்குக் கால் போயிற்று.

அப்போது யாரோ கேட்டார்கள்: "அம்மன் திருவிழா பத்து நாளும் சண்டையில்லாமத்தான நடக்குது? அது எப்புடி?"

அது மண்டகப்படி. ஒவ்வொரு நாளையும் ஒரு வகையறா ஏற்று நடத்தும். அன்றைக்கு முதல் மரியாதை அவர்களுக்கு. மறுநாள் அவர்களே கூட்டத்தோடு கூட்டமாக நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சங்கத்தையும் அப்படியே பிரித்தார்கள். திங்கள் மேலத்தெரு பிச்சையம்மாளுக்கு. செவ்வாய் கீழத்தெரு மருதாயிக்கு. புதன் ராக்காயிக்கு. ஞாயிற்றுக்கிழமையை மாதாகோயில் தெரு ஞானமணிக்குக் கொடுக்கப் போனபோது, "அன்னைக்குப் பூசைக்குப் போவேனா, சங்கத்துக்கு வருவேனா?" என்று சனிக்கிழமையை வாங்கிக்கொண்டாள். ராவுத்தர் வீட்டு சுலைகா பீவி வெள்ளி வேண்டாமென்று வியாழனுக்கு மாறினாள். மிச்சமிருந்த இரண்டு கிழமைகளும் மிச்சமிருந்த இரண்டு தெருக்களுக்குப் போயின.

அன்றன்றையத் தலைவியிடம் சங்கக் கொட்டகையின் சாவி இருக்கும். முழுசாக இருந்த நாற்காலியில் அவள் உட்காருவாள். பால்பவுடர் டின்னைத் திறக்கிற உரிமையும் அவளுக்குத்தான். விடிந்ததும் சாவி அடுத்த தெருவுக்குப் போய்விடும். இரண்டு வருஷமாகச் சண்டை இல்லை.

காத்தாயிக்குக் கிழமை இல்லை. அவளுக்குத் தெருவே இல்லை.

ஆலங்குடிப் பக்கத்திலிருந்து கிணறு வெட்ட வந்த குடும்பம் அது. மூன்று வருஷம் முன்னால் வந்து, கண்மாய்க்கரை ஓரம் ஒரு குடிசை போட்டார்கள். புருஷன் ஆண்டிச்சாமி கிணறு எங்கே கிடைக்கிறதோ அங்கே போவான். போனால் இருபது நாள், ஒரு மாதம். காத்தாயி ஓடைவயல் கொல்லைகளில் களை எடுப்பாள், கடலை பிடுங்குவாள். சங்கத்தில் அவளும் ஒரு உறுப்பினர். கூட்டத்தில் கடைசி வரிசை. கூட்டம் முடிந்ததும் கொட்டகையைக் கூட்டுவது அவள்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை.

அவளுக்கு ஒரே பெண், அழகி. வயது இரண்டு நடக்கிறது.

போன கார்த்திகையில் பிச்சையம்மாளின் கொல்லையில் கடலை பிடுங்கியபோது, கருவேல மரத்தில் தூளி கட்டி அழகியைப் போட்டிருந்தாள். மரத்திலிருந்து எறும்பு இறங்கிவிட்டது. பிள்ளை அழுததை, பசி அழுகை என்று காத்தாயி நினைத்துக்கொண்டு, பிடுங்கிக்கொண்டிருந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் போனாள். முகம் வீங்கி எட்டு நாள் அழகிக்குக் கண் திறக்கவில்லை.

இந்தக் கார்த்திகைக்குத் தூளி உதவாது. பிள்ளை நடக்கிறாள்; நடக்கிறாள் என்ன, ஓடுகிறாள். கொல்லைக்கு இருபது அடி தள்ளி ஒரு வெட்டுக்கிணறு. நாற்பதடி ஆழம். கைப்பிடிச் சுவர் கிடையாது. பாறை வந்ததும் பிச்சையம்மாள் வீட்டில் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அதை வெட்டியவன் ஆண்டிச்சாமி.

வேலைக்குப் போகாமலும் இருக்க முடியாது. பிள்ளையைக் காலில் கயிறு கட்டி மரத்தோடு முடிந்துவிடலாமா என்றுகூடக் காத்தாயி யோசித்திருக்கிறாள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் பங்குனிக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. எட்டாம் வகுப்பு படித்த ஞானமணி கொட்டகையில் நின்று வாசித்தாள். பிள்ளைகள் காப்பகம் நடத்த மாதர் சங்கங்களுக்கு மானியம். ஓட்டுக் கொட்டகை, பால், விளையாட்டுச் சாமான், ஒரு ஆசிரியைக்குச் சம்பளம். சங்கம் செய்யவேண்டியது ஒன்றுதான்: சங்கத் தலைவி அரிமளத்தில் நடக்கும் தலைமைப் பயிற்சி முகாமில் ஏழு நாள் கலந்துகொள்ள வேண்டும்.

ஏழு நாள் என்று கேட்டதும் ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"பாத்தியா! நம்ம மொறை கவர்மெண்டு வரைக்கும் போயிருக்கு" என்றாள் பிச்சையம்மாள்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காத்தாயிக்கும்தான்.

ஒரே ஒரு சிக்கல். தனியாக பஸ் ஏறி அரிமளம் போய்வர எந்த வீட்டிலும் சம்மதமில்லை. துணைக்கு ஆள் வேண்டும். சித்திரையில் கொல்லை வேலை கிடையாது. மாடு கன்று இல்லாத வீடு காத்தாயி வீடு. முகாமில் மத்தியானச் சாப்பாடு உண்டு. எல்லாம் பொருந்தி வந்தது.

"ஏ காத்தாயி, ஏழு நாளும் நீ தொணைக்குப் போயிட்டு வா" என்றாள் பிச்சையம்மாள். "ஒனக்கும் சோறு, ஒம் மகளுக்கும் சோறு."

"சரி ஆத்தா."

முகாம் அரிமளம் பள்ளிக்கூடத்தில். பத்து ஊர்ச் சங்கங்களின் தலைவிகள் பாயும் தலையணையுமாக வந்து இறங்கியிருந்தார்கள். முகாமை நடத்தியவள், பிளாக் ஆபீஸில் மாதர் சங்கங்களைக் கவனிக்கிற முக்கிய சேவிகா பிரகதாம்பாள். புதுக்கோட்டைக்காரி. வயது முப்பதுக்குள். கழுத்தில் விசில், கையில் கடிகாரம். விசில் ஊதினால் பள்ளிக்கூடத்து மரத்திலிருந்த காக்கைகளும் வரிசையாக உட்கார்ந்துவிடும் என்று பேச்சு.

திங்கட்கிழமை பிச்சையம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். முதல் பாடம், கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது. ஐந்து பேர் உட்கார்ந்து, ஊருக்குப் பொதுக்கிணறு எங்கே வெட்டலாம் என்று பேசவேண்டும். தலைவி எல்லாரும் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. பிச்சையம்மாள்தான் தலைவி. முதல் ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவதற்குள், "எங்க கொல்லை ஓரத்துல ஒண்ணு வெட்டுனோம், பாறை வந்துருச்சு" என்று ஆரம்பித்தவள் விசில் ஊதியபிறகும் நிறுத்தவில்லை.

கடைசியில் உட்கார்ந்து அழகிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த காத்தாயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரு தாளில் கைநாட்டு வைக்கவேண்டும் என்றார்கள். அவளும் வைத்தாள்.

சாயங்காலம் மற்ற ஊர்த் தலைவிகள் பாயை விரித்தபோது, ஓடைவயல்காரிகள் பஸ் ஏறினார்கள்.

செவ்வாய்க்கிழமை மருதாயி வந்தாள்.

"ஓடைவயல் தலைவி, நேத்து என்ன படிச்சோம், சொல்லுங்க" என்றாள் பிரகதாம்பாள்.

"நேத்து எனக்கு எப்புடித் தெரியும்மா? இன்னைக்கித்தான எம்முறை."

"நீங்க யாரு?"

"தலைவி."

"நேத்து வந்தவங்க?"

"அவுகளும் தலைவிதான். நேத்துத் தலைவி."

பிரகதாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டாள். மருதாயி மாறவில்லை; மருதாயியாகவே நின்றாள்.

"தலைவி மொதல்ல பேசக்கூடாதும்மா" என்று கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. "எல்லாரும் பேசுனப்பெறகு, யாரு என்ன சொன்னாகன்னு எடுத்துச் சொல்லணும். அப்பறந்தான் தன் பேச்சு."

காத்தாயிக்கே தான் பேசியது தெரியவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்ததும்தான் தெரிந்தது. அழகியின் வாயைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

புதன்கிழமை பஸ்ஸில் கண்டக்டரே கேட்டார்: "இன்னைக்கி எந்தத் தலைவி?"

"புதங்கெழம ராக்காயி அக்கா" என்றாள் காத்தாயி.

"நாளைக்கி?"

"ராவுத்தர் வீட்டம்மா."

"நீ எந்தக் கெழமம்மா?"

"நான் தொணை."

ராக்காயியைப் பார்த்ததும் பிரகதாம்பாள் விசிலைக் கையில் எடுத்தாள், ஊதவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ராக்காயியையும் காத்தாயியையும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"கடிதத்தோட ரெண்டாம் பக்கத்தை யாராவது படிச்சீங்களா?"

"ரெண்டாம் பக்கம் வேற இருக்குங்களா?" என்றாள் ராக்காயி.

இருந்தது. தலைவி ஒரே ஆளாக இருக்கவேண்டும். ஏழு நாளில் ஆறு நாளாவது வந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் மானியம் இல்லை.

"நீங்க மனசு வச்சா ஒரு பேரையே ஏழு நாளைக்கும் எழுதிறலாம்ல?" என்றாள் ராக்காயி.

"எழுத மாட்டேன்."

"ஊர்ல எல்லாம் அப்புடித்தாங்க எழுதுவாக."

"நான் எழுத மாட்டேன்" என்றாள் பிரகதாம்பாள். பிறகு, "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எழுத மாட்டேன்" என்றாள்.

அழகி பிரகதாம்பாளின் விசிலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பிரகதாம்பாள் அதைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அழகி அதில் ஊதத் தெரியாமல் எச்சில் விட்டாள்.

விஷயம் தெரிந்த பிறகும் அனுப்புவதை ஊர் நிறுத்தவில்லை. முறையை விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லை. வியாழனன்று சுலைகா பீவி போய்ப் புகையில்லா அடுப்பு கட்டக் கற்றாள். வெள்ளிக்கிழமைத் தலைவி, தீர்மானம் எழுதுகிற பாடத்தில் கண்ணயர்ந்தாள். காத்தாயி அயரவில்லை. ஒருவர் முன்மொழியவேண்டும், இன்னொருவர் வழிமொழியவேண்டும், அப்போதுதான் தீர்மானம். அதை நோட்டில் எழுதினால்தான் செல்லும். அவளுக்கு எழுத வராது. மனசில் எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஞானமணி போனாள். மத்தியானம் பிரகதாம்பாளைத் தனியாகப் பார்த்துக் கெஞ்சினாள். காப்பகத்துக்கு ஆசிரியை அவள்தான் என்று ஊரில் முடிவாகியிருந்தது. பிரகதாம்பாள் அதே பதிலைத்தான் சொன்னாள். நாளைக்கு மூன்று மணிக்குச் சான்றிதழ் கொடுத்து முகாமை முடிக்கப்போகிறார்கள்.

சாயங்கால பஸ்ஸில் ஞானமணி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். காத்தாயியின் மடியில் அழகி தூங்கினாள். தூக்கத்திலும் அவள் கால் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காத்தாயி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஓடைவயல் விலக்கில் நின்றபோது, இறங்கவேண்டும் என்பதே அவளுக்கு உறைக்கவில்லை. ஞானமணி தோளைத் தட்டினாள்.

பொழுது சாய்வதற்குள் கொட்டகையில் கூட்டம் கூடியது. சனிக்கிழமையானதால் நாற்காலியில் ஞானமணி.

"ஒரு பேரை எழுதித்தான் ஆகணும்" என்றாள் மருதாயி. "அந்தம்மாவை நாலு பேரு போயி மறிச்சுக் கேட்டா எழுதும்."

"எழுதச் சொல்லுவோம்" என்றாள் பிச்சையம்மாள். "எம் பேரை எழுதட்டும். மொத நாள் போனவ நானு."

"ஏன், ஒங்க பேரு என்ன பொன்னுல அடிச்சதா?"

"பேரு எழுதுறதுல என்னடி இருக்கு? பேப்பர்லதான?"

"பேப்பர்லதானன்னா எம் பேரை எழுதச் சொல்லுங்க மதினி. மேலத்தெரு பேரு எதுக்கு?"

"ஒன் பேரை எழுதுனா நாளைக்கி நீ எங்க தெருவுல வந்து நாற்காலி போட்டு ஒக்காருவ."

"நீங்க மட்டும் எங்க தெருவுக்கு வரமாட்டீகளாக்கும்!"

சுலைகா பீவி, "பேசாம வயசுல மூத்தவுக பேரு" என்றாள். அதற்குள் யாருக்கு என்ன வயது என்று ஒரு சண்டை. ஏழு பேரில் ஒருத்திக்கும் நாற்பதுக்கு மேல் வயதில்லை என்று தெரியவந்தது. பேரப்பிள்ளை எடுத்த பிச்சையம்மாளும் முப்பத்தெட்டில்தான் நின்றாள்.

ராக்காயி எழுந்து சேலையை உதறினாள். "வேணாம்த்தா. ரெண்டு வருசமா நல்லா இருக்கோம். ஒருத்தி பேரை எழுதி ஊரு ரெண்டாகுறதுக்கு, காப்பகமே வேணாம். இத்தன நாளு பிள்ளைக வளரலயா?"

"அதுவுஞ் சரிதான்" என்றார்கள் இரண்டு பேர். மூன்றாவது ஆள் தலையாட்டினாள்.

காத்தாயி கடைசியில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் பேசி முடியட்டும் என்று காத்திருந்தாள். முடிந்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு ஞானமணியும் எழுந்துவிட்டாள்.

"எம் பேரை எழுதுங்க" என்றாள் காத்தாயி.

கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ராக்காயி சிரித்தாள். அந்தச் சிரிப்பு நாலு பேருக்குப் பரவியது.

"நீ எதுக்குடி?" என்றாள் பிச்சையம்மாள். கோபமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

காத்தாயி எழுந்து நின்றாள். அழகியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"மருதாயி அக்கா ஒருத்தர் பேரை எழுதணும்னாக. அது சரி. பிச்சையம்மா ஆத்தா, பேப்பர்லதானன்னாக. அதுவுஞ் சரி. ராக்காயி அக்கா, ஊரு ரெண்டாகக் கூடாதுன்னாக. அதுந்தான் சரி." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் எந்தத் தெருவு? எம் பேரை எழுதுனா எந்தத் தெருவு ஒசந்துச்சு, எந்தத் தெருவு தாந்துச்சு? சாவி ஒங்ககிட்டத்தான் இருக்கும். நாற்காலியும் ஒங்களோடதுதான். எனக்குக் கெழம வேணாம். ஆறு நாளு போயிட்டு வந்தவ நான் ஒருத்திதான். நாளைக்கும் போவேன். அந்தம்மா பொய் எழுத மாட்டாக. பொய்யே எழுத வேணாம்."

"இவ தலைவியா?" என்றாள் ராக்காயி. தனக்குள் சொல்லிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"பேப்பர்ல" என்றாள் மருதாயி.

பிச்சையம்மாள் யோசித்தாள். மருதாயி பெயர் என்றால் முடியாது. ஞானமணி என்றாலும் முடியாது. காத்தாயி என்றால் யாருக்கு என்ன நட்டம்? அவள் முகத்தில் அது எழுதி ஒட்டிய மாதிரி தெரிந்தது. மற்ற ஆறு முகங்களிலும் அதையே காத்தாயி படித்தாள். எழுத்துத் தெரியாதவளுக்கும் படிக்க முடிந்தது. தன்னை ஏன் ஒத்துக்கொள்கிறார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் கேட்டாள்.

"சரி, இவ பேரையே எழுதுவோம்" என்றாள் பிச்சையம்மாள்.

"சும்மா எழுதக்கூடாதுங்க ஆத்தா. தீர்மானமாப் போடணும். ஒருத்தர் முன்மொழியணும். ஒருத்தர் வழிமொழியணும்."

"முன்மொழியுறதுன்னா?"

"மொதல்ல சொல்றது."

"நான் முன்மொழியுறேன்" என்றாள் பிச்சையம்மாள்.

"நானும் முன்மொழியுறேன்" என்றாள் மருதாயி.

ஏழு பேரும் முன்மொழிந்தார்கள். வழிமொழிய ஆளில்லை.

"வழிமொழியுறவ ரெண்டாவது ஆளுதான?" என்றாள் ராக்காயி. "ரெண்டாவதா நான் எதுக்கு?"

ஞானமணி நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு தவித்தாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. காத்தாயி ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். முகாமில் இதற்குப் பாடம் நடத்தவில்லை.

"சுலைகாக்கா" என்றாள். "கார்த்திகையில ஒங்க மக பிரசவத்துக்கு வருதுல்ல? மூத்த பேரனை யாரு பாப்பா?"

சுலைகா பீவி முக்காட்டைச் சரிசெய்தாள். "அவன் கண்மாய்லயே விழுந்து கெடப்பான்" என்றாள். பிறகு, "எழுதும்மா ஞானமணி. நான் வழிமொழியுறேன். ரெண்டாவது ஆளுன்னா ரெண்டாவது ஆளு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, அன்றைய தலைவியும் துணையும் அரிமளம் போனார்கள். பிரகதாம்பாள் நோட்டை இரண்டு முறை வாசித்தாள். முன்மொழிந்தவர்கள் ஆறு பேர் என்ற இடத்தில் நிறுத்தினாள். பிறகு, சாப்பாட்டுத் தாள்களை எடுத்துவரச் சொன்னாள். ஏழு தாள். ஏழிலும் ஒரே கட்டைவிரல். பக்கத்தில் சமையல்காரர் கையெழுத்தில், காத்தாயி, ஓடைவயல், கூட ஒரு பிள்ளை.

"சாப்பிட மட்டும் வந்தேன்னு யாராவது சொன்னா?" என்றாள் பிரகதாம்பாள்.

"கேட்டுப் பாருங்கம்மா."

கேட்டாள். அரைமணி நேரம் கேட்டாள். பால்பவுடரை வெந்நீரில் கரைக்கலாமா? கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தால் தீர்மானம் செல்லும்? இரண்டு பேர் அடித்துக்கொண்டால் தலைவி என்ன செய்யவேண்டும்?

"அடிச்சு முடிக்கட்டும்னு விட்டுட்டு, அப்பறமா ரெண்டு பேரு சொன்னதும் சரிதான்னு ஆரம்பிக்கணும்."

"நான் அப்படிச் சொல்லிக் கொடுக்கலையே."

"நேத்து சாயங்காலம் படிச்சேன்மா."

பிரகதாம்பாள் சான்றிதழில் பெயரை எழுதினாள்.

புரட்டாசியில் மானியம் வந்தது. காப்பகத்தை எந்தத் தெருவில் கட்டுவது என்று மறுபடியும் ஒரு கூட்டம். மேலத்தெருவில் கட்டினால் கீழத்தெருப் பிள்ளை வராது. கீழத்தெருவில் கட்டினால் மேலத்தெருப் பிள்ளை வராது. தெருவே இல்லாத இடமாகப் பார்த்தார்கள். கண்மாய்க்கரையில், காத்தாயி குடிசைக்குப் பக்கத்தில் ஓட்டுக் கொட்டகை எழும்பியது. அதை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

திறப்பு விழா கார்த்திகை முதல் வாரம். மதராஸிலிருந்து ஒரு அம்மாள் ஜீப்பில் வந்தார். கூடவே பிரகதாம்பாளும், விசிலும். "சங்கத் தலைவி எங்கே?" என்று கேட்டு, வாங்கிவந்த ரோஜா மாலையைக் காத்தாயி கழுத்தில் போட்டார்.

ஏழு பேரின் முகமும் ஒருசேரக் கறுத்தது.

"பேப்பருக்குத்தானடி நீ தலைவி?" என்றாள் பிச்சையம்மாள், அவள் காதோடு. "மாலைக்குமா?"

மாலை கனமாக இருந்தது. குளிர்ச்சியாக இருந்தது. கழற்ற மனம் வரவில்லை.

"இன்னைக்கி என்ன கெழம ஆத்தா?" என்றாள்.

"புதன்."

மாலையைக் கழற்றி ராக்காயி கழுத்தில் போட்டாள். மதராஸ் அம்மாளுக்கு விளங்கவில்லை; இந்த ஊர்ப் பழக்கம் போல என்று கைதட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். ராக்காயி அன்று முழுவதும் மாலையைக் கழற்றவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அது பாதியைத் தின்றுவிட்டது.

மறுநாள் பிச்சையம்மாள் கொல்லையில் கடலை பிடுங்கு. காத்தாயி விடியற்காலையிலேயே அழகியைக் குளிப்பாட்டினாள். என்னென்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். வழி என்ன வழி, இருபது எட்டு. அழுவாள், கழுத்தைக் கட்டிக்கொள்வாள். ஆத்தா பொழுது சாய வந்துருவேன், கடலை கொண்டாருவேன் என்று சொல்லவேண்டும். அதற்கும் கேட்காவிட்டால் ஞானமணியிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடவேண்டும்.

வாசலில் இறக்கிவிட்டாள். உள்ளே சுலைகா பீவியின் பேரன் ஒரு மர யானையை இழுத்துக்கொண்டிருந்தான். அழகி அதைப் பார்த்தாள். நேராக உள்ளே போய் யானையின் காதைப் பிடித்துக்கொண்டாள். இழுபறி தொடங்கியது.

"நீ போ காத்தாயி, நான் பாத்துக்கிறேன்" என்றாள் ஞானமணி.

"அழகி" என்று கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை.

கொல்லைக்குப் போகிற வழியில் அவளுக்கு நடையே சரியாக வரவில்லை. இரண்டு வருஷமாக இடது பக்கம் சாய்ந்தே நடந்து பழகியவள். கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தானையைப் பிடித்தாள், விட்டாள். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். அதுவும் சரியாக இல்லை.

"தலைவியம்மா! எம்புட்டு நேரம்? வெயில் ஏறுது!" என்று கொல்லையிலிருந்து பிச்சையம்மாள் குரல் வந்தது.

"இந்தா வாரேன் ஆத்தா!" என்றாள் காத்தாயி. கையிரண்டையும் வீசிக்கொண்டு ஓடினாள்.